கீழ்வீட்டுத் திறப்பு

இஷொய் என்ற டேனிஷ் புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"என்ர வீட்டுக்குள்ள நானே கள்ளி மாதிரிப் பூந்திட்டன், அக்கா."

அதற்குப் பிறகு நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

"என்னடி சொல்லுறாய்?"

"கீழ்வீட்டை ஒரு பிள்ளைக்கு வாடகைக்கு விட்டனாங்கள் எல்லே. அவள் வேலைக்குப் போட்டாள் எண்டு நினைச்சு, இடியப்பமும் சொதியும் வைப்பம் எண்டு என்ர திறப்பால திறந்து போனனான். அவள் கட்டிலில படுத்திருந்தவள். என்னைக் கண்டு கத்தின கத்து!"

"வாடகைக்கு விட்டாப் பிறகு அது அவளின்ர வீடெல்லே. கேக்காமல் உள்ள போகேலாது. இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி."

"ஓம், இவரும் அதைத்தான் சொல்லி ஏசினவர். பிழை விட்டது நான். மன்னிப்புக் கேட்டது அவள். 'கத்திப்போட்டன், குறை நினையாதேங்கோ அன்ரி' எண்டாள்."

"அந்தத் திறப்பை அவளிட்டயே குடுத்துவிடு."

"அண்டைக்கே குடுத்திட்டன்."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்பவும் அவள் படுக்கப் போகேக்க, கதிரையை இழுத்துக் கதவோட வைக்கிற சத்தம் மேல்வீட்டில எனக்குக் கேக்குது, அக்கா."