மாப்பிள்ளைக்குக் கொடுத்த மோர்

மாப்பிள்ளை மோகன்ராஜுக்கு மோர் என்றால் உயிர், சார். பெருங்காயம் தூக்கலாக இருக்க வேண்டும், கறிவேப்பிலை மட்டும் ஆகாது. நானே பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கொடுப்பேன். வேலை முடிந்து குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கினால், அஸ்தினாபுரம் போகிற வழியில் என் வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போவார். மாமனார் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பையன்.

என் மனைவி, மகள் தமிழினியைப் பெற்ற அன்றே போய்விட்டாள். இதய வால்வில் கோளாறு. மகளுக்கும் அதே கோளாறு. பிள்ளை பெற்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அவளிடம் பாதியைத்தான் சொன்னேன். நெஞ்சு கொஞ்சம் பலவீனம், புகுந்த வீட்டில் மூச்சு விடாதே, வாழாவெட்டியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

கல்யாணம் ஆனபிறகு, குழந்தை வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? பெற்ற பெண்ணிடம் ஓர் அப்பன் அந்தப் பேச்சை எப்படி எடுப்பான்? மாப்பிள்ளையிடம் சொல்ல நாக்கு கூசியது. உங்களுக்கும் கூசியிருக்கும்.

நான் வேலை பார்த்த கம்பெனியில், தண்ணீர் ஃபில்டருக்குப் பூசுகிற நானோ வெள்ளிக் கரைசல் தயாரித்தோம். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியான வெள்ளி. உடம்புக்குள் போனால் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கலாம், எலிகளில் அப்படி ஆகியிருக்கிறது என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். முகமூடி போடாத பையன்களை நானே தொண்டை கிழியத் திட்டியிருக்கிறேன். அங்கிருந்து ஒரு பாட்டில் எடுத்து வந்தேன். மோரில் கலந்தால் தெரியவில்லை.

வருடங்கள் போயின. வளைகாப்பு வீடுகளுக்குத் தமிழினியை அழைத்துப்போவதை அவள் மாமியார் நிறுத்திவிட்டாள். எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் உயிரோடு இருந்தாளே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, குறை அவருகிட்டதானாம். உயிரணு ரொம்பக் கம்மியாம். டெஸ்ட் டியூப்தான் வழின்னுட்டாங்க. வெளில சொல்லிடாதப்பா, பாவம், உடைஞ்சிடுவாரு. குறை எனக்குன்னே இருக்கட்டும்."

அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வாழ்க்கை போயிருக்கும். பார்த்துப் பண்ணிக்கொள்ளம்மா என்றேன். சிகிச்சை பலித்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து மோரில் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

கருமுட்டை எடுக்க மயக்க மருந்து கொடுக்கும்முன், நெஞ்சில் கோளாறு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். மாமியார் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டாள் தமிழினி. நான் சொல்லிக்கொடுத்த பதில் அது. அப்புறம் அவள் கண் விழிக்கவே இல்லை.

காரியம் முடிந்தும் மோகன்ராஜ் வருவதை நிறுத்தவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுவார். "என்னாலதான் மாமா" என்பார். அந்தக் குரல் வீட்டை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மிக்ஸி ஓடும்போதுகூடக் கேட்கிறது. அவருக்கு மறுமணம் பேசினார்கள். நான் கலப்பதை நிறுத்தவில்லை. வேறொருத்தி பெற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் என் வாசலில் வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது, சார். போன வாரம் மோர் எடுக்க அவரே சமையலறைக்குள் வந்தார், கம்பெனி லேபிள் ஒட்டிய பாட்டிலைப் பார்த்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

ஆமாம், கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மகள் பிரசவத்தில் சாகவில்லை. அதை நான் நடக்க விடவில்லை.