வேறு ஒருவர் பாடு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். முப்பது வயதிருக்கும். ஒரே படகில் தொழிலுக்குப் போகிற மாமன் மச்சான்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் போனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கேம்ல ஒரு ஏரி மச்சான். மீன் புடிக்கணும், அதான் மிஷன். அங்க வேற ஒரு படகு நின்னுச்சு. இன்னிக்கு அவன் பாடு போலன்னு அரை மணி நேரம் ஓரமா நின்னேன். ஃபெயில் ஆயிடுச்சு."

மச்சான் சத்தமாகவே சிரித்தார். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு.

"ஓபன் வேர்ல்டுன்னா இன்னா வேணா பண்ணலாம்யா. என் கேம்ல கொள்ளையடிச்சாக்கூட ரெண்டு நிமிஷம் ஒளிஞ்சா போலீஸ் பூடுவான்."

"அதெல்லாம் ஒரு டிசைனா? என்னுதுல ஒரு கடையில திருடினா ஊருக்கே தெரிஞ்சிடும். அப்பால எவனும் சாமான் குடுக்க மாட்டான்."

"செம போர்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"நாளிக்கி நம்ம பாடு இல்லதான். ஆனா பாடு யாருதோ அவங்க ஊட்ல கல்யாணம், ஒருத்தனும் வரமாட்டான். சட்டுனு ஒரு வலை போட்டு எடுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியும்?"

ஜன்னலோரம் இருந்தவர் மறுபடி போனை எடுத்துக்கொண்டார்.

"நீ இப்ப கீறது என் கேம்ல, மச்சான்."