வெயிலுக்கு ஏது ஸ்விட்ச்?

— தையல் மிஷினை வெயில்லயா போட்டிருக்காங்க?

— என்னது?

— இல்ல... மூக்கெல்லாம் கருத்துப் போய்க் கிடக்கு. அதான் கேட்டேன்.

— பஸ் ஸ்டாப்புல நின்னது. கையை என் தோள்ல போடுங்க. ஒருக்களிச்சுப் படுங்க, துடைச்சு விடறேன்.

— விரல்ல என்ன?

— ஊசி குத்திடுச்சு.

— ஊசி குத்தினா புள்ளி விழும். இது கோடு.

— உங்களுக்கு வேற வேலை இல்ல...

— இல்லதான். இடுப்புக்குக் கீழ மரக்கட்டை. கண்ணாவது வேலை செய்யட்டுமே. அலுமினியச் சட்டம் அறுத்த காயம் எனக்குத் தெரியாதாடி? என் கையில எத்தனை இருக்கு பாரு.

— கையை விடுங்க.

— புருஷன்கிட்டயே மறைக்கறியா? தினம் எங்க போறே?

— முதல்ல திரும்புங்க.

— சொல்லு.

— சோலார் கிளாஸுக்கு.

— எந்த...

— உங்க கிளாஸுக்குத்தான். அடுத்த பேட்ச். போதுமா? திரும்புங்க, வெந்நீர் ஆறுது.

— புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நான் விழுந்த அதே மாடி!

— அதே மாடிதான். அதே ஏணிதான். வேற யாரும் என்னை வேலைக்கு வான்னு கூப்பிடலையே.

— தையல் கம்பெனி?

— மூடிட்டாங்க. நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

— அப்ப உங்களுக்கு நினைவே சரியா இல்ல. அப்புறம்... சொல்லி என்ன ஆகப்போகுது? ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம். அழுதாச்சு போதும்.

— என் பொண்டாட்டின்னு தெரிஞ்சுமா சேர்த்துக்கிட்டான் அந்த வாத்தியார்?

— தெரியாது. எங்கப்பா பேரைச் சொல்லிச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷனுக்கு என் மூஞ்சி எப்படித் தெரியும்?

— பொம்பளைங்க எத்தனை பேர்?

— நான் ஒருத்திதான். டீ போட ஆள் வந்திருக்குன்னு நினைச்சுட்டாங்க.

— நீ என்ன பண்ணினே?

— போட்டுக் கொடுத்தேன். இனிமே ஜென்மத்துக்கும் கேக்க மாட்டாங்க, அப்படிப் போட்டேன்.

— ஹ்ம்...

— சிரிச்சுட்டீங்க!

— சிரிக்கலை. கால் கூசுது.

— கூசுதா? எந்தக் கால்? இங்கயா? நிஜமாவா?

— ...இல்ல. சும்மா சொன்னேன்.

— ஏன் இப்படிப் பண்றீங்க... ஒரு நிமிஷம் உசுரே போய் வந்துச்சு.

— டாக்டர் சொன்னது சொன்னதுதான். இனிமே ஒண்ணும் கூசாது. இப்ப நீ காலைத் துடைக்கறியா இல்லையான்னே எனக்குத் தெரியலை.

— துடைக்கறேன்.

— சரி.

— விரல் விரலாத் துடைக்கறேன்.

— போகாதே.

— போகாம?

— ஏதாச்சும் வீட்டு வேலை...

— நாலு இடத்துல கேட்டேன். விடியறதுக்குள்ள வந்து நிக்கணுமாம். உங்களை யார் பார்த்துக்குவா? இதுன்னா பகலோட முடியுது. படிச்சு முடிச்சா வேலையும் தர்றாங்களாம்.

— எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தனுக்குக்கூட சொன்ன வேலை கிடைக்கலை. ஒருத்தன் மட்டும் எங்கயோ பேனல் துடைச்சுக்கிட்டு இருக்கான்.

— துடைக்கறது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே.

— விளையாடாதே. என்னைக்கு மேல ஏத்தறாங்க?

— நாளைக்கு. இத்தனை நாளும் கீழயே சட்டம் முடுக்க விட்டாங்க. பயப்படாதீங்க, தண்ணி கொட்டிக் கிடக்கான்னு பார்த்துத்தான் கால் வைப்பேன். உங்களை வழுக்கின மாதிரி என்னை வழுக்காது.

— தண்ணி... தண்ணியை மட்டும் பார்த்தா பத்தாது.

— வேற என்ன பார்க்கணும்?

— ஒண்ணும் இல்ல. விடு.

— சொல்லுங்க.

— மெயினை அணைச்சுட்டா பேனல்ல கரண்ட் இருக்குமா, இருக்காதா?

— நீங்களே சொல்லுங்க.

— எங்க பேட்ச்ல ஒருத்தன் இருந்தான். வீட்டு வயரிங் பார்த்தவன். மெயினை அணைச்சா வீட்டுல அத்தனையும் செத்துப் போகும். அவனுக்கு அதுதான் பழக்கம். அங்கயும் அணைச்சான். அணைச்சுட்டு, உரிச்ச ஒயரை வெறுங்கையால பிடிச்சான்.

— ம்.

— கரண்ட் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கலை. பெல்ட்டும் மாட்டலை. நான் பார்க்காத கரண்ட்டான்னு திமிரு... வெயிலுக்கு ஏதுடி ஸ்விட்ச்? பேனல் மேல வெயில் பட்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் ஒயர்ல உசுரு இருக்கும். நீ மீட்டர் வைக்காம எதையும் தொடாதே. வாத்தியாரே அணைச்சாச்சுன்னு சொன்னாலும் நம்பாதே. நானே வந்து சொன்னாலும் நம்பாதே. கேக்குதா?

— கேக்குது.

— கேக்குதுன்னு சொல்லிட்டு நாளைக்கு மறந்துட்டு நிப்பே.

— மறக்க மாட்டேங்க.

— பெல்ட் மாட்டாம மேல ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது.

— வைக்க மாட்டேன். அவருக்கு என்ன ஆச்சு?

— எவனுக்கு?

— அந்த... உங்க பேட்ச் ஆளுக்கு.

— ஒண்ணும் ஆகலை. ஷாக் அடிச்சுது, உதறி விட்டுது. எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். கெட்டிக்காரன்தான், பாவம். அன்னைக்குன்னு புத்தி... ஏய், ஏன் அழறே? அவன் நல்லாத்தான் இருக்கான்.

— அழலைங்க.

— பின்ன கன்னத்துல என்ன? யாரோ ஒருத்தன் கதை, அதுக்குப் போய்... ஏன், வாத்தியார் இதை உங்களுக்குச் சொல்லியே தரலையா?

— முதல் நாள் முதல் பாடமே அதுதாங்க. “போன பேட்ச்ல ஒரு மேதாவி, இருபது வருஷ எலக்ட்ரீஷியன், மெயினை அணைச்சுட்டு ஒயரைப் பிடிச்சு மாடியில இருந்து பறந்தார்”னு கையைக் காலை உதறி நடிச்சுக் காட்டினார். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் மட்டும் சும்மா இருந்தா, நீ யாருன்னு கேட்டுருவாங்களோன்னு... நானும் சிரிச்சேங்க.