நின்ற கோலத்தில் ஒரு சீசன்

மதுரை மாவட்டத்தில் மூடநம்பிக்கை துளியும் இல்லாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரி விசாரணைக் குழு என்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டிருப்பதால், பெயர், வகுப்பு, ரத்தவகை என்ற வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பெயர் குருபிரசாத். மூன்றாம் ஆண்டு, ஆங்கில இலக்கியம். பூனை குறுக்கே வந்தால் பூனைக்கு வழிவிடுவேன், அது மரியாதை. தேர்வுக்குத் தேர்வு ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுவரும் மாணவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் துறைத்தலைவரே வாசித்துச் சிரித்தார். சிரித்தபோது அவர் விரலில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. எனக்கும் எல்லை உண்டு.

நடந்ததை நடந்தபடி, சொந்தக் கையெழுத்தில், மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். புகார் கொடுத்து ஏழு மாதம் கழித்துக் குழு கூடியிருப்பதால் எனக்கும் யோசிக்க அவகாசம் கிடைத்தது. நன்றி.

திரு. முத்திருளன் பரவை மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரி. அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். ஊர் வழக்கப்படி அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பெண் கொடுக்கும் உத்தேசம் இரு தரப்பிலும் கிடையாது. அவருடைய ஒரே மகன் அருள்பாண்டி அண்ணன் பிசியோதெரபி படித்துவிட்டுக் கனடா போனவர். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ஊரின் தொழில்முறை ஃபுட்பால் அணியில் வேலை. ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, சுளுக்குப் பார்ப்பது, வீக்கம் வடியவைப்பது. சுருக்கமாக, கால் பார்க்கிற வேலை.

கனடா ஃபுட்பால் நம் ஃபுட்பால் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்; எதிரணி மேலே விழுந்து அமுக்கும். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பத்து கெஜம் முன்னேற மூன்றே வாய்ப்பு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. கம்பங்களுக்கு நடுவே போகவேண்டிய உதை தவறிப்போனாலும், எதிரணிக்காரன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு தன் கோட்டைத் தாண்டி வெளியே வர முடியாவிட்டால், உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி. தவறுக்கு மதிப்பெண். நம் பல்கலைக்கழகமும் பரிசீலிக்கலாம்.

அங்கே சாயங்கால ஆட்டம் என்றால் இங்கே காலை ஆறரை. மார்க்கெட்டில் முதல் சந்தடி அடங்கியிருக்கும். மாமா தன் போனை எடைத்தராசில் சாய்த்துவைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வர்ணனையைத் தமிழில் சொல்வது நான். ஆட்டத்தைவிட, ஓரத்தில் எங்காவது மகன் தெரிகிறானா என்பதே அவருக்கு முக்கியம். யாராவது அடிபட்டு விழுந்தால் மாமாவுக்கு முகம் மலரும். மகன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான்.

முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தன்று, ஒட்டன்சத்திரத்திலிருந்து லோடு கொண்டுவந்த டிரைவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் மாமா நின்றே பார்த்தார். அணி ஜெயித்தது.

“என்ன மாப்ள, இன்னைக்கு மட்டும் எப்பிடி ஜெயிச்சானுக?”

“நீங்க நின்னு பாத்தீங்கள்ல மாமா.”

அது கிண்டல். முகத்தில் எதையும் காட்டாமல் சொல்வது என் பாணி, குழுவில் இருப்பவர்கள் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். மாமா சிரிக்கவில்லை. திரும்பி நாற்காலியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான்காவது ஆட்டத்துக்கு நாற்காலியே கடையில் இல்லை. மூன்று மணி நேரம் நின்றார். வெற்றி. அன்றைக்கே நான் ‘நின்ற கோலம்’ என்ற தொடரைத் துறையின் சுவர்ப் பத்திரிகையில் ஆரம்பித்தேன். கூடலழகர் கோயிலில் பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று கோலத்தில் காட்சி தருகிறார். நடுவில் இருப்பதை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டே வாரத்தில் கணிதத்துறைப் பெண்கள்கூட வந்து நின்று வாசித்தார்கள். அவர்களும் நின்றுதான் வாசித்தார்கள் என்பதை எழுதியபோது கைதட்டலே விழுந்தது.

தொடர் என்றால் வாரத்துக்கு வாரம் ஏதாவது கூட வேண்டும். ஆறாவது ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோது மாமாவின் காலைப் பார்த்தேன்.

“செருப்போட நிக்கிறீங்களே மாமா. கோயிலுக்குள்ள இப்பிடித்தான் போவீங்களா?”

“இது மார்க்கெட்டுப்பா.”

“மார்க்கெட்டுதான். ஆனா உங்க மகன் அங்க நிக்கிறாருல்ல, போனுக்குள்ள.”

கழற்றினார். அணி ஜெயித்தது. நான் ஆட்டம் முடியும் வரைக்கும்தான் சொன்னேன். அவர்தான் சிமெண்டுத் தூணைத் தொட்டு, “அரைகுறையா இருந்தா எடுபடாது மாப்ள. கப்பு கைக்கு வார வரைக்கும் செருப்புக் கெடையாது” என்றார். இது அவர் வாயால் சொன்னது; மூட்டை தூக்கும் சோணை சாட்சி.

மாமா ஜூலையிலிருந்து நவம்பர் வரை மார்க்கெட்டிலும் தெருவிலும் வெறுங்காலோடு நடந்தார். எப்போதாவது தோற்றால் மாமா குழம்பிவிடாமல் இருக்க உடனே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரு தோல்விக்குச் சோணை தும்மியது காரணம். இன்னொன்றுக்கு, மாமாவின் மனைவி கனகலட்சுமி அத்தை தூக்குச்சட்டியோடு போனுக்குக் குறுக்கே போனது. அதன்பிறகு அத்தை கடைக்குச் சோறு கொண்டுவந்தால் தெருமுனையிலேயே நிற்பார்.

என் தொடருக்குப் படம் வரைந்தவள் வகுப்புத் தோழி சுஷ்மா. செப்டம்பரில் ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“டேய் குரு, அவருக்கு சுகர்னு போன வாரம் நீதான எழுதுன?”

“ஆமா. சீனி போடாத டீய ஒரு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடிப்பாரு. அது நல்ல சீனு.”

“சுகர்காரங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாதுடா. குத்துனா தெரியாது. எங்க பெரியப்பாவுக்கு அப்பிடித்தான் ரெண்டு வெரல எடுத்தாங்க.”

எனக்குப் பயனுள்ள தகவல். பெரியப்பாவைச் சித்தப்பாவாக மாற்றி அடுத்த வாரத் தொடரில் சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் படம் வரைந்து தரவில்லை. நானே வரைந்தேன், கால்கள் மட்டும் சரியாக வராது.

அக்டோபர் இரண்டாம் வாரம், தக்காளிப் பெட்டியின் ஆணி ஒன்று மாமாவின் வலது பாதத்தில் ஏறியது. எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கடைக்குள்ளிருந்து எடைத்தராசு வரைக்கும் அவர் நடந்து வந்த தரையில், ஓர் அடி விட்டு ஓர் அடி, சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டு. தக்காளிச் சாறு என்று முதலில் நினைத்தேன். தக்காளிச் சாறு இரண்டு காலிலும் ஒட்டியிருக்கும். அன்று அணி ஐந்தாவது தடவையாகத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. பொட்டுகளை என் செருப்பால் தேய்த்துவிட்டேன். மார்க்கெட் தரை; ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் நொண்ட ஆரம்பித்தார். மஞ்சளை அப்பி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டார். அத்தை மாடிப்படியில் என்னை மறித்தார்.

“ஏப்பா, கிட்டப் போனா நாத்தம் வருதுப்பா. ஆசுபத்திரிக்கு வாங்கன்னா கப்பு வரட்டுங்கிறாரு. நான் சொன்னா எங்க கேக்காரு. நீ சொன்னாக் கேப்பாரு.”

அத்தை சொன்னது உண்மை. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

அணி அரையிறுதியிலும் ஜெயித்தது. கோப்பைக்கான ஆட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டதால், அருள்பாண்டி அண்ணன் வீடியோ காலில் வந்தார். அதற்கு முன்பே மாமா என்னிடம், “அவன்ட்டச் சொல்லிராத மாப்ள. லீவு போட்டு ஓடியாந்துருவான். இம்புட்டு தூரம் வந்துட்டு டீம விட்டுட்டு வரலாமா?” என்று சொல்லியிருந்தார். போனைப் பிடித்திருந்தது நான்.

“தம்பி, அப்பா காலக் காட்டு.”

காட்டினேன். இடது காலை. பாதம், குதிகால், விரல் இடுக்கு என்று அவர் கேட்ட கோணமெல்லாம் காட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றார். ஜன்னலைத் திறந்துவைத்துக் காட்டினேன். தொழில் தெரிந்தவர், நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான இருக்கு. வீக்கங்கூட இல்ல. அம்மா சும்மா பயப்படுது. செருப்பு மட்டும் போடச் சொல்லு தம்பி.”

“சொல்றேன்ணே.”

மாமா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

குழுவின் மூன்றாவது கேள்வி, ஏன் அப்படிச் செய்தாய் என்பது. தொடருக்காக. அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தால் ‘நின்ற கோலம்’ கடைசிக் காட்சி இல்லாமல் நின்றிருக்கும். மாமா நிற்காவிட்டால் அணி தோற்றுவிடும் என்று நான் நினைத்ததாக, அண்ணன் கொடுத்த புகாரில் ஒரு வரி இருக்கிறது. அதை வன்மையாக மறுக்கிறேன். நம்பிச் செய்தால்தான் அது மூடநம்பிக்கை. நம்பாமல் செய்தால் இலக்கியம்.

இறுதி ஆட்டம் நம் கணக்கில் திங்கட்கிழமை விடியற்காலை. லோடு இறங்கிக்கொண்டிருந்தது. மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு அனலாகக் கொதித்தது. நானும் அன்று முழுக்க நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்கார இடமில்லாததால். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். நம் ஆள் உதைத்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஆனால் எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுவதற்குள் அமுக்கிவிட்டார்கள். ஒரு புள்ளி. கோப்பை. தவறிப்போன ஓர் உதையில்.

“ஜெயிச்சாச்சா மாப்ள?”

“ஜெயிச்சாச்சு மாமா.”

“அப்ப உக்காரலாமா?”

தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. சோணைதான் தூக்கி ஆட்டோவில் போட்டான்.

கோரிப்பாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான்காம் நாள், சாம்பியன் என்று முதுகில் எழுதிய பனியனோடு அண்ணன் நேரே விமான நிலையத்திலிருந்து வந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு பேரின் இருபத்துநான்கு கால்களுக்குப் பட்டை சுற்றிய கை அது. போர்வையைத் திரும்ப மூட அதற்கு நேரம் பிடித்தது.

“எந்தக் காலத் தம்பி காட்டுன?”

“இடது கால்ணே.”

முதன்முதலாக, நான் சொன்ன ஒரு பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. படுக்கையிலிருந்து மாமா மட்டும், “அவன வையாதடா. அவன் இல்லாட்டி நம்மளுக்கு ஏது கப்பு” என்றார்.

ஆக, குழுவின் கேள்விகளுக்கு என் பதில்: செருப்பைக் கழற்றச் சொன்னது நான். ரத்தத்தைப் பார்த்தும் தேய்த்து மறைத்தது நான். நல்ல காலைக் காட்டியது நான். தெரிந்தே செய்தேன்.

இப்போது விடுதியில் இருக்கிறேன். ஜூன் பிறந்து அடுத்த சீசனும் ஆரம்பித்துவிட்டது. மணி காலை எட்டே முக்கால். இதை எழுதும் மேசையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்த போனில் ஆட்டம் ஓடுகிறது. தகவலுக்காக மட்டும் பார்க்கிறேன். அணியில் அருள்பாண்டி அண்ணன் இப்போது இல்லை. வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குக் கட்டைக்கால் பழக்கிக்கொண்டிருக்கிறார். முதல் பாதியில் நம் டீம் பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தது. இப்போது சமம்.

இந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் குழு மன்னிக்க வேண்டும். நாற்காலியை வராந்தாவில் போட்டுவிட்டேன், மேசை கொஞ்சம் தாழ்வு, குனிந்து நின்று எழுதவேண்டியிருக்கிறது. செருப்பும் வெளியேதான் கிடக்கிறது.