நாற்காலியை விட்டு எழுந்த ஜட்ஜு

"அந்த ஜட்ஜா இருந்தா, இன்னைக்கு உங்க பஞ்சாயத்துல உக்காரவே மாட்டாகப்பா."

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தன் அப்பாவிடம் சொன்னாள். மடியில் சரித்திரப் புத்தகம்.

"எந்த ஜட்ஜு?"

"வெள்ளக்காரன் காலத்துல இருந்தவுக. சொந்தக்காரக வழக்கு வந்தா நாற்காலிய விட்டு எந்திரிச்சிருவாகளாம். டீச்சர் சொன்னாக. எம்புட்டுப் பெரிய மனுசன்!"

"அதுக்கு?"

"பருத்திய மேஞ்சது மாமா ஆடு. தீர்ப்புச் சொல்லப் போறது நீங்க."

"பருத்தி மட்டும் யாருதுங்குற? உன் சித்தப்பன் போட்டதுதான."

"அப்ப நீங்க ரெண்டு தடவ எந்திரிக்கணும்."

அப்பா சிரித்துவிட்டார். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியபடியே, "ஊரு முச்சூடும் மாமன் மச்சான்தான், தாயி. நான் எந்திரிச்சா வேற யாரு உக்காருறது?" என்றார்.

"வெளியூர் ஆளா ஒருத்தரக் கூப்பிடுங்க."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரை அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"திருச்சுழிண்ணே. பொண்ணெடுத்தது பரளச்சில."

"போச்சு," என்றார் அப்பா.

மகள் மெல்லத் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, பின்னாடி ஒருத்தரு இருக்காக. நம்ம பக்கத்து ஆளாத் தெரியல."

அவர் திரும்புவதற்குள் நான் கண்ணை மூடிக் குறட்டைவிட ஆரம்பித்திருந்தேன்.