துரை இன்னும் சாப்பிடலை

— கோழிக்கறிங்க! நாட்டுக்கோழி! மத்தியானம் வச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.

— நீ காரத்த அள்ளிப் போட்டிருப்ப, பாண்டியம்மா.

— காரமா? ஒரு மொளகா கிள்ளிப் போடல. வெறும் மஞ்சளும் உப்பும். உங்களுக்குக்கூட அப்படிப் பதமா ஒருநாள் ஆக்கிப் போட்டதில்ல.

— எனக்கு என்ன மிச்சம் வச்சிருக்க?

— சட்டியில கழுத்தும் ஈரலும் கெடக்கு.

— நல்லாருக்குடி நாயம்! காலையில இருந்து போடிமெட்டுக்கு மூணு ட்ரிப்பு, வளைவு வளைவா ஸ்டேரிங்க ஒடிச்சு கையெல்லாம் கழண்டு வர்றேன். வீரணனுக்குக் கழுத்து, நாய்க்குத் தொடைக்கறியா?

— பேரே தொரைதான? தொரைக்குத் தொடைதான் வைப்பாக. வேணாம் வேணாம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்கதான முந்தாநாளு ஜீப்புல ஏத்திக் கொண்டாந்து எறக்குனீக?

— நான் என்னடி செய்ய? சுடலை அண்ணன் இருபது வருசமா அந்த ஏலக்காய் ஸ்டோர்ல வாச்மேன். முந்தி ஒரு நாய களவாணிப் பயகிட்ட அநியாயமாப் பறிகுடுத்துட்டு, அதுக்கப்புறம் குட்டியில இருந்து வளத்தது இது. இப்ப மக வீட்டோட இருக்க மதுரைக்குப் போறாரு. மாடி வீடாம், நாயி ஆகாதாம். 'வீரணா, எம்புட்டுச் சனத்த ஏத்துற, இதையும் ஒரு லோடா நெனச்சு ஏத்திக்கப்பா'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு.

— லோடு எறக்குனதோட உங்க சோலி முடிஞ்சது. எஞ் சோலிதான் ஆரம்பமாச்சு! மொத நாளு பால்சோறு வச்சேன். தொடல. சரி, புது எடம், கூச்சப்படுதுன்னு விட்டேன். நேத்துக் காலையில கருவாடு சுட்டு வச்சேன். நம்ம தெருவுல இருக்குற பூனை அம்புட்டும் வந்து நிக்குது, இது கொட்டாவி விடுது.

— சாயங்காலம் நான் மெட்டுல இருந்து மரவள்ளிக் கெழங்கு கொண்டாந்தேனே?

— அத அவிச்சு, தோலுரிச்சு, நசுக்கி வச்சேன். ஒரு தடவை வால ஆட்டிட்டுக் கொட்டத்துல போயி மாட்டுக்குப் பக்கத்துல படுத்துக்கிருச்சு. கெழங்க மாடு தின்னுச்சு.

— கண்ணு பட்டிருக்கும்.

— அதையும் விடலியே! எதுத்த வீட்டு இருளம்மா சொன்னான்னு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டேன். நெடி ஏறி நாயி நாலு தும்மல் தும்முச்சு. அம்புட்டுத்தான் பலன்.

— மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனியே, டாக்டரு என்ன சொன்னாரு?

— வாயத் தெறந்து பாத்தாரு. பல்லு நல்லாருக்காம், காச்சல் இல்லையாம். 'வயிறுதாம்மா காலியா இருக்கு, ஏதாச்சும் திங்கக் குடு'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அட கூறுகெட்ட மனுசா, அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்!

— தண்ணியாச்சும் குடிக்குதா?

— வாய்க்கால்ல போயி அதுவாக் குடிச்சுக்கிருது. நான் ஊத்தி வச்ச தண்ணியத் தொட மாட்டேங்குது. வயித்தப் பாருங்க, முதுகோட ஒட்டிப் போச்சு.

— பாத்தேன், பாத்தேன். காலையில மொத ட்ரிப்புல ஏத்திக் கொண்டுபோயி அந்த ஸ்டோர் வாசல்லயே விட்டுர்றேன். பழகுன எடத்துல எப்படியோ பொழச்சுக்கிரட்டும்.

— ஸ்டோரு பூட்டிக் கெடக்குன்னீக? சுடலை அண்ணனும் நேத்தே பஸ்சு ஏறிட்டாருன்னீக?

— ஆமா, ஏறிட்டாரு.

— அப்ப பூட்டுன கதவா சோறு வைக்கும்? ஒட்டுன வயித்தோட அந்தக் குளிருல ரெண்டு நாள் தாங்காதுங்க. செந்நாயி இழுத்துட்டுப் போயிரும்.

— இங்கன கெடந்தாலும் சாகத்தான போவுது? நம்பிக் குடுத்த நாயி வீரணன் வீட்டுல பட்டினி கெடந்து செத்துச்சுன்னு பேரு வரணுமா? எனக்கு மட்டும் மனசு கேக்குதாடி?

— மனசு கேக்கலேன்னா ஏத்தாதீக.

— அக்கோவ்! தொரை சாப்ட்டாரா?

— வாடா கன்னையா. நீ ஒருத்தன் பாக்கி. கையில என்னடா பொட்டலம்?

— எங்க கடைப் பரோட்டா நாலு. சால்னா தனியாக் கட்டியாந்திருக்கேன். என்ன மச்சான், மொகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?

— நாய்க்குப் பரோட்டாவா மாப்ளே?

— சத்தியமாச் சொல்றேன் மச்சான், பஸ்ஸ்டாண்டுல நான் பரோட்டா போடுற கல்லச் சுத்தி தெனமும் பதினோரு நாயி தவம் கெடக்கு. கன்னையன் பரோட்டாவ வேணாம்னு சொன்ன நாயி போடியில கெடையாது.

— வையி பாப்போம்.

— தொரை... இங்கிட்டுப் பாருங்க தொரை... பிச்சுப் போட்டு சால்னாவுல ஊற வச்சிருக்கேன் தொரை... அக்கா, அது என்னக்கா, தட்டப் பாக்காம என் வாயையே பாக்குது?

— என் வாயையும் அப்படித்தாண்டா பாக்குது மூணு நாளா. ஏதோ கேக்க வர்ற மாதிரி.

— மலையாளத்துல சொல்லிப் பாக்கவா? ஸ்டோர்ல அந்தப் பக்கத்து ஆளுகளும் இருந்திருப்பாகள்ல? தொரே, கழிக்கு! நல்ல பரோட்டாவாக்கும்!

— மலையாளமும் எடுபடல மாப்ளே. வால ஆட்டுது, அம்புட்டுத்தான்.

— மரியாதைக்கு ஆட்டுது மச்சான். எமர்ஜென்சியே முடிஞ்சு போச்சு, இது வீம்பு முடியலையே!

— அது வீம்பும் வேணாம், உன் பரோட்டாவும் வேணாம். எனக்குப் பசி உசுரு போகுது. பாண்டியம்மா, நீ நாயோடயே இரு. நானே போட்டுக்கிறேன்... அடியே, என்னடி இது, பானை நிறையச் சோறு கெடக்கு?

— உங்களுக்குப் போக மிச்சம்.

— காலையில நான் ரெண்டு கரண்டிதான் போட்டுக்கிட்டேன். பிள்ளைக சிலமலையில உங்க ஆத்தா வீட்டுல. அப்ப நீ என்னத்தத் தின்ன?

— வரக்காப்பி குடிச்சேன்.

— நேத்து?

— நேத்தும் வரக்காப்பி. நீராகாரம் ஒரு சொம்பு.

— அக்கா! முந்தாநாளு?

— என்னங்கடா ரெண்டு பேரும் வக்கீலு மாதிரி கேக்குறீக? வீட்டுல ஒரு வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கையில அடுப்புக்கு உடையவ சோத்துல கை வைக்கக் கூடாது. எங்க ஆத்தா சொல்லி வளத்தது. மாட்டுக்கு வச்சு, கோழிக்குத் தூவி, வீட்டாளுகளுக்குப் போட்டு, கடைசியாத்தான் நான். அது திங்கட்டும், அப்புறம் நான் திங்கிறேன்.

— மூணு நாளா நீ கொலப்பட்டினி கெடக்க, எனக்குத் தெரியாமப் போச்சேடி!

— உங்களுக்கு எப்படித் தெரியும்? கையக் கழுவுனதும் ரேடியோவத் திருகிர்றீக.

— போதும். இனிப் பேச்சே கெடையாது. காலையில என்ன காலையில, இப்பவே ஏத்துறேன். ஒரு நாய்க்காகப் பொண்டாட்டியச் சாகக் குடுக்க என்னால ஆகாது. மாப்ளே, சாவிய எடு.

— ஏத்துங்க. பின் சீட்டுல நானும் ஏறிக்கிறேன்.

— அக்கா, கிறுக்கு மாதிரி பேசாத.

— கொஞ்சம் பொறுங்கடா. கேப்பைக் கூழு கிண்டி ஆற வச்சிருக்கேன். ஸ்டோர்ல வேலை செஞ்ச சனம் அதத்தான குடிச்சிருக்கும், அது ஞாபகத்துலயாச்சும் வாய வைக்குமான்னு பாப்போம். இதையும் தொடலேன்னா உங்க இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்.

— சரி. இதான் கடைசி. வையி.

— இந்தாடா தொரை. எஞ் சாமில்ல? ஒரே ஒரு வாய். உன்னையக் கெஞ்சிக் கேக்குறேண்டா. ஒரு வாய்.

— திங்கலியே.

— உக்காந்துருச்சு மச்சான். மறுபடியும் அக்கா வாயையே பாக்குது.

— கூழுல உப்புப் போட்டியா பாண்டியம்மா?

— போட்டேன்.

— வாயில வச்சு ருசி பாத்தியா?

— சமைக்கிறவ வாயில வச்சா எச்சியாகிரும்ல? பதினாலு வருசமாக் கையளவுலதான் போடுறேன். என்னைக்குத் தப்புச்சு?

— போன வெள்ளிக்கெழமை ரசத்துல...

— ஆமாக்கா, நான்கூட இருந்தேன். உப்பில்லாக் கூழ நாயும் திங்காதுக்கா.

— எங் கூழுலயா? எங் கூழுலயாடா உப்பில்ல? மனுசி பசி மயக்கத்துல கண்ணு இருட்ட இருட்டக் கெளறி வச்சா, ரெண்டு ஆம்பளைகளும் உக்காந்துக்கிட்டு உப்பா பாக்குறீக? இந்தா! நாய்த் தட்டுல இருந்தே எடுக்குறேன், நல்லாப் பாத்துக்கங்க! ம்... ம்... இருக்கு உப்பு! திட்டமா இருக்கு! வேணும்னா நீங்களும் வந்து—

— அடியே, அசையாத.

— என்னா?

— எந்திரிச்சிருச்சு. உன்கிட்ட வருது. அப்படியே நில்லு.

— ஆத்தாடி... எங் கைய மோந்து பாக்குது... ஆத்தாடி! தின்னுதுங்க! தொரை தின்னுதுங்க! இங்க பாருங்க, மூக்கெல்லாம் கூழு!

— பரோட்டாவ விட்டுட்டுக் கூழா! சத்தியமாச் சொல்றேன் மச்சான், எந் தொழிலுக்கே மானக்கேடு.

— வாய மூடு மாப்ளே. தட்டு காலியாச்சு. இன்னும் ஊத்துடி.

— ஊத்திட்டேன். அய்யய்யோ, நிறுத்திருச்சுங்க! மறுபடி என் வாயப் பாக்குது!

— இரு இரு. நீ இன்னொரு வாய் எடுத்து வையி.

— ம்... வச்சேன்.

— தின்னுதா?

— தின்னுது!

— கன்னையா, அந்தப் பரோட்டாவுல ஒரு துண்ட நீ தின்னுட்டு அதுக்கு வையி.

— நானா? மச்சான், நான் போடுற பரோட்டாவ நானே திங்கிறது கெடையாது.

— தின்னுடா!

— ம்ம்... சரி, தின்னுட்டேன். இந்தாங்க தொரை... அடேய், அடேய்! வெரல விடு! அக்கா, கையோட சேத்து முழுங்கப் பாக்குது!

— பாண்டியம்மா, இப்பத்தான் எனக்குக் கியரு விழுகுது. சுடலை அண்ணன் ஸ்டோர் வாசல்ல உக்காந்து, நாய்த் தட்டுல இருந்து ஒரு உருண்டை எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டு, அப்புறந்தான் இதுக்குத் தள்ளி வைப்பாரு. கெழவனுக்குப் புத்தி பெசகிருச்சுன்னு நான் ஜீப்புல உக்காந்து சிரிச்சிருக்கேன்.

— அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— அவரு சொல்லத்தான் வந்தாரு. 'இதுக்குச் சோறு வைக்க ஒரு மொறை இருக்கு, கேட்டுட்டுப் போப்பா'ன்னாரு. பின்னாடி பதினஞ்சு பேரு, பனி எறங்குது வெரசாப் போன்னு கத்துறாக. நாய்க்குச் சோறு வைக்கவா எனக்குத் தெரியாதுன்னு வண்டிய எடுத்துட்டேன்.

— நல்லாத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு! சரி, எதுக்குங்க அப்படி ஒரு மொறை?

— முந்தி ஒரு நாயப் பறிகுடுத்தாருன்னேன்ல? ஏலக்காயக் களவாங்க வந்த பயக, கறியில வெசத்தத் தடவி எறிஞ்சுதான் அதக் கொன்னிருக்கானுக. அதான் இத வேற மாதிரி பழக்கியிருக்காரு. வைக்கிற ஆளு அதே தட்டுல மொத வாய் தின்னணும். அதக் கண்ணால பாத்தாத்தான் இது வாய வைக்கும்.

— அட கூறுகெட்டவளே! அது திங்கட்டும்னு நான் பாக்க, நான் திங்கட்டும்னு அது பாக்க, மூணு நாளா ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோமே!

— இன்னும் நாலு நாள் போயிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே குழியாத் தோண்டியிருப்போம்க்கா.

— சிரிக்காதடா, வயிறு வலிக்குது. வெறும் வயித்துல சிரிக்க முடியல.

— நீ ரொம்ப உருகாதக்கா. அது பாசத்துல உன்னையப் பாக்கல. வெசம் வைக்க வந்த களவாணின்னு சந்தேகப்பட்டுப் பாத்திருக்கு!

— பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்டா. ஏங்க, காலையில ட்ரிப்புக்கு லோடு இருக்கா?

— என்ன லோடு? நாயி எங்கிட்டும் போகல, இங்கனதான் கெடக்கும். சுடலை அண்ணனுக்கு நாளைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டுர்றேன். அதான் தின்னுருச்சுல்ல? சரி, எனக்கு ஒரு தட்டுல போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் நீயும் உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடு... ஏய், என்னடி, சிரிச்சுக்கிட்டே இருந்த, கண்ணுல தண்ணி வருது?

— பொகைங்க.

— அடுப்பு அணைஞ்சு எம்புட்டு நேரமாச்சு! என்னன்னு சொல்லுடி.

— ஒண்ணுமில்லங்க. சந்தேகமோ பாசமோ, நான் பொறந்த வீட்டுலயும் சரி, வாக்கப்பட்டு வந்த இந்தப் பதினாலு வருசத்துலயும் சரி, நீ மொதல்ல தின்னு, அப்புறம் நான் திங்கிறேன்னு எனக்காகப் பட்டினி கெடந்த மொத ஆளு இந்தத் தொரைதான்.