கிழக்குச் சுவரை ஒதுக்கினேன்

இசைத்தட்டுகளைப் படுக்க வைக்கக் கூடாது, டாக்டர். நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால் அடியில் இருப்பது மெல்ல வளைந்துவிடும். பிறகு எந்த ஊசியும் அதில் ஒழுங்காக ஓடாது. இதை என் கணவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய அறையைப் பெருக்கிப் பெருக்கி நானாகத் தெரிந்துகொண்டது.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினீர்கள். ஸ்கேனில் குறை ஒன்றுமில்லை, மறதி நோயின் அடையாளமே இல்லை என்றீர்கள். பிறகு, வீட்டில் அவரோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான்தான் இருக்கிறேன். வேறு யாரும் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

பாறசாலையிலிருந்து செங்கலுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. பொன்னையன் சார் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சம்பளம் வாங்கிய காலம் முழுக்கக் கர்நாடக இசைத்தட்டுகளாக வாங்கிச் சேர்த்தார். முன்னறை நிறைய அவைதான். கிழக்குச் சுவரில் காலை ராகங்கள். ஜன்னலை ஒட்டிப் பகல். மேற்குச் சுவரில் மாலை. கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அலமாரி, அதில் நீலாம்பரி போல உறங்கப் போகும்போது கேட்பவை. பொழுது நகர நகர அவரும் அறைக்குள் நகர்ந்துகொண்டிருப்பார். கண்ணை மூடிக் கையை நீட்டினால் வேண்டிய தட்டு வரும். தட்டின் நடுவில் பெயர் இருக்கும். அதைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். உறையைத் தொட்டால் போதும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த அறையில் எனக்கென்று ஒரு சுவர் இல்லை. சாயாவை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவேன்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதற்கு என்னைப் பார்க்க வேண்டுமே.

போன மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சை பிடித்தது. அவர் ஒரு கல்யாணத்துக்காக நெய்யாற்றின்கரை போயிருந்தார். நல்லது செய்வதாக நினைத்துக் கிழக்குச் சுவரின் தட்டுகளை எடுத்தேன். துடைத்து, காயவைத்து, திரும்ப உறையில் போட்டேன். எங்கள் பக்கம் இதை ஒதுக்குவது என்போம். வீட்டை ஒதுக்கியாச்சா என்று கேட்டால், எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாயா என்று அர்த்தம். ஏதோ இரண்டு தட்டு உறை மாறிவிட்டது. அது தற்செயல்தான். அதை நீங்கள் நம்பலாம்.

மறுநாள் காலை பூபாளத்தின் உறையிலிருந்து வேறு எதுவோ பாடியது. கொஞ்ச நேரத்தில் அவர் அடுக்களைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மிணியே, இஞ்ச வா பிள்ளே. நான் ரிக்கார்ட மாத்தி வச்சிருக்கேன். எனக்க கையாக்கும் வச்சது. ஓர்மையே இல்ல."

"அதுக்கு எந்தா? வயசாகுதில்லியா."

"எனக்க அப்பனுக்கும் இப்படியாக்கும் தொடங்கினது."

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே பார்த்து, நீ ஆரு என்று கேட்டவர். அந்தப் பயம் இவருக்குள் எப்போதும் உண்டு. நான் அந்தத் தட்டுகளைத் தொட்டிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

பேசும்போதே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அப்படிப் பிடித்ததில்லை. நான்தான் மாற்றிவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பால் பொங்கட்டும், சொல்லலாம் என்று நின்றேன். பால் பொங்கியது, அடுப்பை அணைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நான் சொல்லவில்லை.

சில நாளில் அவர் தெளிந்துவிட்டார். சாயாவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு உறை மாறியது எதுவும் தற்செயல் இல்லை.

பெரிய வேலை ஒன்றுமில்லை. அவர் குளிக்கும் நேரம் போதும். ஜாய் என்று அவருக்கு ஒரு கூட்டுக்காரன், நெடுநாள் சிநேகிதன். வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுக் கேட்க வருவான். அன்று பூபாளத்தின் உறைக்குள் நான் நீலாம்பரியை வைத்திருந்தேன். அவர் பேச்சு வாக்கில் எடுத்துப் போட்டார்.

"சாரே, இது எந்தா?" என்றான் ஜாய். "காலத்தே பஸ்ஸு பிடிச்சு வந்தவன ஒறக்கிக் கெடத்தப் பாக்கியளா? சாயா தராம தப்பிக்கலாம்னு நெனைப்போ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊசியைச் சட்டென்று தூக்கியதில் தட்டில் கீறல் விழுந்தது.

"ஜாயே, நீ செல்லு. நான் எடுத்தது பூபாளம் தானே? நீ கண்டியா இல்லியா?"

"உறைய கண்டேன் சாரே. உள்ள இருக்கது எனக்கு எப்படி அறியும்? அத விடும். எனக்க பொண்டாட்டி கண்ணாடிய நெத்தியில வச்சிட்டு வீடு முழுக்கத் தேடுவா."

ஜாய் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். "கொஞ்ச நாள் வராண்டாம் ஜாயே. ஆளக் கண்டா அவருக்கு வெப்ராளமாக்கும், பதறிப் போறாரு." பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள், ஜாய் ஏன் வருவதில்லை என்று இவர் கேட்டார். "வந்தானே. நீங்க அவன ஆருன்னு கேட்டிய. அவன் கண்ணு நெறஞ்சு கரஞ்சிட்டுப் போனான்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

பெங்களூரிலிருந்து எங்கள் மகள் நந்தனா கூப்பிட்டால், "அப்பா ஒறங்குதாரு மக்கா" என்பேன். இவரிடம், மகளோடு நேற்றுத்தானே அவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பேன். ஒரு கட்டத்தில் அவர் எதையும் மறுப்பதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டு எழுந்தவர், "நான் தின்னாச்சா பிள்ளே?" என்று கேட்பார். ஆச்சு என்றால் ஆச்சு.

அந்த மாதங்கள் நல்ல மாதங்கள், டாக்டர். அவருக்குத் தலை சீவிவிட்டேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு மகேஸ்வரம் கோயிலுக்கு நடந்தோம். எதிரே வந்த ஒரு பெண், "இந்த வயசில எந்தொரு சினேகம்" என்று தன் புருஷனிடம் சொல்லிக் காட்டினாள். அன்று நான் நல்ல புடவை கட்டியிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

ஒரு நாள் அவர் முன்னறைச் சாவியை என் கையில் வைத்தார். "இனி நீயே ஒதுக்கி வை பிள்ளே. எனக்கு முடியாது."

ஒதுக்கினேன். ஒவ்வொரு தட்டையும் அதன் உறைக்குள், ஒவ்வொரு உறையையும் அதன் சுவரில். இப்போது ஒன்றுகூட இடம் மாறி இல்லை. அவர் உள்ளே வருவதுதான் இல்லை.

போன வாரம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். எங்கள் கேட்டின் முன்னால் நின்றுவிட்டார். "பிள்ளே, இது நம்ம வீடு தானா? நீ செல்லு." அவருக்குத் தெரிந்திருந்தது, டாக்டர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தெரிந்ததை நம்ப அவருக்குத் துணிவில்லை. அதை நான் செய்யவில்லை. கேட்டைப் பற்றி அவரிடம் நான் எதுவுமே சொன்னதில்லை. பயமாக இருந்தது. அதனால்தான் உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒதுக்குவது என்றால் மலையாளத்தில் ஒருவரை அடக்கிவிடுவதையும் சொல்வார்கள். கிழக்கே போகப் போக, தமிழில் தள்ளிவைப்பது. இரண்டுமே நான் செய்ததில்லை. எங்கள் ஊர் அர்த்தத்தில்தான் சொல்கிறேன். அதனதன் இடத்தில் வைத்தேன். அவருடைய இடம் என் பக்கத்தில்.

இப்போது நீங்கள் அவரை உள்ளே கூப்பிடுவீர்கள். கூப்பிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். உங்களுக்கு நோய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, தட்டுகளை மாற்றியது உங்கள் மனைவி என்று சொல்லுங்கள். அவர் கணக்கு வாத்தியார், முடியும் வரை பொறுமையாகக் கேட்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளே, இவங்க செல்லது உள்ளதுதானா?" என்று கேட்பார்.

கேட்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்.